பிறப்புப் பதிவேட்டில் முன்னோரைத் தேடுதல்

குடும்ப வரலாறு எழுத உட்காருகிறவர்கள் முதலில் எடுத்துவைப்பது அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஆண்வழியில் நீளும் பட்டியலைத்தான். பூர்விகம் எது, குலதெய்வம் எந்த ஊரில், பங்காளிகள் யார் யார் என்பதெல்லாம் அந்த வழியிலேயே நினைவில் நிற்கின்றன. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பூர்விக ஊரின் பிறப்புப் பதிவேட்டைத் தேடிப் போகிறவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். குழந்தை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பார்த்துப் பதிவேடு எழுதப்படுவதில்லை. பிரசவம் எங்கே நடந்ததோ அந்த ஊரில்தான் எழுதப்படுகிறது. நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடித்து அழைத்துப்போன பெண் பிள்ளையோடு புகுந்த வீடு திரும்புவதற்குள் பதிவும் அந்த ஊரிலேயே முடிந்திருக்கும். ஆகவே மூத்த பிள்ளையின் பதிவு அநேகமாக அம்மா பிறந்த ஊரில் இருக்கும்; அந்த அம்மாவின் பதிவோ அவளுடைய அம்மாவின் ஊரில் இருக்கக்கூடும். தந்தைவழியை மட்டும் எழுத நினைப்பவர்கூட ஒவ்வொரு தலைமுறையிலும் தாயின் ஊரைத் தெரிந்துகொண்டாக வேண்டும். வம்சாவளிப் பட்டியல்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் அந்த ஊர்ப்பெயர்தான் பதிவேட்டுக்கான முதல் திறவுகோல்.

எந்தக் காலத்துக்கு எதை எதிர்பார்க்கலாம்

1886இல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுக்கென்று இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. விரும்பியவர் பதிந்துகொள்ளலாம் என்பதே அதன் நிலை. கிறிஸ்தவர்களுக்கும் ஐரோப்பியக் குடும்பங்களுக்கும் அது பயன்பட்டதே தவிர, சாதாரணக் கிராமக் குடும்பங்களின் பதிவை அதில் தேடிப் பயனில்லை. நமக்கு முக்கியமானது சென்னை மாகாணத்தின் 1899ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். அரசு அறிவித்த பகுதிகளில் இது நடைமுறைக்கு வந்தது. கிராமங்களில் கிராம முன்சீப்பே பதிவாளர். நகராட்சிகளும் சென்னை மாநகராட்சியும் தத்தம் சட்டங்களின்படி தனியே பதிவேடு வைத்தன. பிறகு நாடு முழுவதற்குமான 1969ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத் துறை இயக்குநரே தலைமைப் பதிவாளர். 1980 நவம்பரில் கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. கிராமப் பதிவு கிராம நிர்வாக அலுவலர் கைக்கு வந்தது.

இதையெல்லாம் சட்டப் பாடமாக நினைக்க வேண்டாம். எந்த முயற்சியில் உழைப்பைச் செலவிடலாம் என்று முடிவுசெய்ய இது உதவும். 1900க்கு முன் பிறந்த கிராமத்து முன்னோருக்கு அரசுப் பிறப்புப் பதிவு கிடைக்கும் என்று நம்பி அலையாதீர்கள். 1900க்கும் 1970க்கும் இடையில் பிறந்தவருக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வீட்டில் பிரசவமாகி, யாரும் போய்ச் சொல்லாமல் விடுபட்ட குழந்தைகள் ஏராளம். 1970க்குப் பிறகு வாய்ப்பு கூடுகிறது. மருத்துவமனைப் பிரசவம் பரவப் பரவப் பதிவும் நிறைவடைகிறது.

ஊர் எந்த ஆட்சியின் கீழ் இருந்தது என்பதையும் பார்த்துவிடுங்கள். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1இல்தான் நம் மாநிலத்தில் சேர்ந்தன. அதற்கு முந்தைய பதிவுகள் திருவிதாங்கூர் முறையில் எழுதப்பட்டவை, கொல்லம் ஆண்டும் வரும். கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824. புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனி சமஸ்தானம். திருத்தணி 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது.

புதுச்சேரியும் காரைக்காலும் வேறு உலகம். பிரெஞ்சு முறையில் ஒவ்வொரு பிறப்பும் கட்டத்தை நிரப்பும் குறிப்பாக இல்லாமல், தேதி, அறிவித்தவர், பெற்றோர், சாட்சிகள் எல்லாம் வரும் ஒரு பத்தியாகவே எழுதப்பட்டது. அதோடு பத்தாண்டுக்கு ஒருமுறை அகரவரிசையில் பெயர்ப் பட்டியலும் தயாரித்தார்கள். பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம் இந்தப் பழைய பதிவேடுகளைப் படமாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. காரைக்காலில் பெண் எடுத்த நாகப்பட்டினம், திருவாரூர்க் குடும்பங்கள் நிறைய உண்டு. உங்கள் பாட்டி அந்தப் பக்கத்தவர் என்றால் தேடலை அங்கிருந்து தொடங்குவதே நல்லது.

ஊரைக் கண்டுபிடித்தல்

வீட்டுப் பெரியவர்களிடம் "எப்போது பிறந்தீர்கள்" என்று கேட்பதற்கு முன் "எந்த வீட்டில் பிறந்தீர்கள்" என்று கேளுங்கள். தேதி மறந்தவர்களுக்கும் வீடு நினைவிருக்கும். "ஆச்சி, உங்க தலைப்பிரசவம் எங்கே ஆச்சு? மருத்துவச்சி வந்தாளா, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? அப்போ பெரிய மாமா எந்த ஊர்ல வேலையில இருந்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே போனால் மூன்று நான்கு பிள்ளைகளுக்கும் மூன்று நான்கு ஊர்கள் வெளிவரும். இரண்டாம் பிள்ளை புகுந்த வீட்டில், மூன்றாம் பிள்ளை தாத்தா ரயில்வேயில் இருந்த ஊரில், கடைசிப் பிள்ளை மறுபடியும் தாய்வீட்டில் என்று கதை போகும். அத்தனையையும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் தேடுவது ஒருவரைத்தான் என்றாலும் உடன்பிறந்தோர் எல்லாருடைய ஊரும் வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும்.

சென்னைக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1942இல் ஜப்பானியர் தாக்கக்கூடும் என்ற அச்சத்தில் நகரத்தை விட்டுப் பெருந்திரளாக மக்கள் வெளியேறினார்கள். மயிலாப்பூரிலும் தங்கசாலையிலும் தலைமுறையாக வாழ்ந்த வீட்டின் குழந்தை அந்த ஆண்டில் மட்டும் ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்திருக்கும். இதற்கு நேர்மாறான திசையும் உண்டு. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844 முதலும், திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனை 1885 முதலும் இயங்குகின்றன. சுற்று மாவட்டப் பெண்கள் அங்கே வந்து பிரசவித்திருந்தால், அந்தக் குழந்தைகளின் பதிவு செங்கல்பட்டிலோ திருவள்ளூரிலோ இல்லாமல் சென்னை மாநகராட்சியில் இருக்கும்.

கிராமம் என்றால் இன்னொரு படி இருக்கிறது. வீட்டில் சொல்லும் ஊர்ப்பெயர் பல நேரங்களில் குக்கிராமத்தின் பெயர். பதிவேடு வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் ஐந்தாறு குக்கிராமங்கள் அடங்கியிருக்கலாம். இதைத் தெளிவாக்க எளிய வழி, அந்த வீட்டாரின் பழைய நிலப்பத்திரம் ஒன்றைப் பார்ப்பது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் பதிவு மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், வட்டம், கிராமம் என்று வரிசையாக எழுதியிருக்கும். கிராமத்தின் எண்கூட இருக்கலாம். இந்த நான்கு விவரமும் கையில் இருந்தால் எந்த அலுவலகத்திலும் உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவைக்க முடியாது. பத்திரமே இல்லை என்றால் இப்போதைய கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டாலே போதும். குக்கிராமங்களின் பெயர் அவருக்கு மனப்பாடம்.

ஆண்டைக் குறுக்குதல்

ஜாதகம் இருந்தால் அதுவே நல்ல சான்று. ஆனால் பிறந்த ஆண்டு அதில் பெரும்பாலும் தமிழ் வருஷப் பெயரால் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். 1876இல் தொடங்கிய தாது வருஷத்தின் பஞ்சத்தைப் பற்றி வீட்டில் கதை கேட்டிருப்பீர்கள். அடுத்த தாது 1936இல் வந்தது, அதற்கடுத்தது 1996இல். பிரபவ வருஷம் 1867, 1927, 1987 ஆண்டுகளின் ஏப்ரலில் தொடங்கியது; அந்த மூன்றில் ஒன்றை அடித்தளமாக வைத்துக்கொண்டு பஞ்சாங்கத்தின் அறுபது பெயர் வரிசையில் எண்ணிப் போனால் எந்த ஆண்டும் கிடைத்துவிடும். எண்ணும்போது ஒன்றை மறக்காதீர்கள். வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தாது வருஷம் ஆடி என்றால் 1936, அதே தாது வருஷம் மாசி என்றால் 1937. பதிவேடோ ஜனவரியில் தொடங்கும். இந்த ஒரு சறுக்கலால் ஓராண்டு தள்ளித் தேடி, பதிவே இல்லை என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

கிழமையும் ஒருநாள் முன்பின் ஆகும். நம் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஜாதகம் முந்தின கிழமையைச் சொல்லும். பதிவேடு நள்ளிரவுக் கணக்கில் அடுத்த தேதியைச் சொல்லும். இரண்டுமே சரி.

பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் கணக்குப் பார்த்துப் போட்ட தேதிகள் அந்தத் தலைமுறையில் மிக அதிகம். மே, ஜூன் மாதத் தேதி, அதிலும் மாதத்தின் முதல் நாள் கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள். உண்மையான தேதி அதற்கு ஓராண்டு முன்போ பின்போ இருக்கக்கூடும்.

நோட்டுகள் எங்கே இருக்கின்றன

நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சிப் பதிவுகள் அந்தந்த அலுவலகத்திலேயே இருக்கும். சுகாதாரப் பிரிவில் கேட்க வேண்டும். கிராமப் பதிவுகளின் வழி வேறு. நடப்பு நோட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். முடிந்த நோட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். பழையவை சார்பதிவாளர் அலுவலகத்தில் நிரந்தரமாக வைக்கப்படும். உங்கள் பாட்டியின் பிறப்பைத் தேடுகிறீர்கள் என்றால் நேராகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கே போகலாம். நிலம் பதிகிற இடத்தில் பிறப்பை எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். பிறப்பு, இறப்புப் பதிவின் நகல் தருவதும் அவர்கள் வேலைதான். புதிய சார்பதிவாளர் அலுவலகங்கள் திறந்தபோது எல்லை மாறியிருக்கும். அதனால் இன்றைய அலுவலகத்தில் இல்லாத நோட்டு, முன்பு அந்தக் கிராமம் சேர்ந்திருந்த தாய் அலுவலகத்தில் இருக்கக்கூடும். பழைய பத்திரம் இதற்கும் கைகொடுக்கும்.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் ஒரு பதிவைத் தேடச் சொல்லி நகல் கேட்கலாம் என்கிறது. இறப்புப் பதிவின் நகலில் மட்டும் சாவின் காரணத்தைக் காட்டக் கூடாது. தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் வரும். ஆகவே விண்ணப்பத்தில் "சுமார் 1935" என்று எழுதாமல் "1934 ஜனவரி முதல் 1937 டிசம்பர் வரை" என்று எல்லை போட்டு எழுதுங்கள். தந்தை பெயர், தாய் பெயர், வருவாய்க் கிராமம், குக்கிராமம், குழந்தை ஆணா பெண்ணா என்பவற்றைத் தனித்தனி வரியில் தாருங்கள். தேடிக்கொடுப்பவரின் நேரத்தை மதித்து எழுதிய விண்ணப்பத்துக்கு நல்ல பதில் கிடைக்கும்.

அட்டவணை இல்லாத நோட்டு

பெரும்பாலான கிராம நோட்டுகளில் பெயர் அட்டவணை கிடையாது. பதிவுகள் நாள்வரிசையில் இருக்கும்; அந்த நாளும் பிறந்த நாளல்ல, பதிந்த நாள். ஜனவரி 1இல் புது எண் தொடங்கும். பதிவு எண்ணும் ஆண்டும் சேர்ந்ததுதான் ஒரு பதிவின் முகவரி. இதனால் சில விளைவுகள் உண்டு. டிசம்பர் கடைசியில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டு நோட்டில் இருக்கலாம். பிறந்து பல ஆண்டு கழித்து உத்தரவு பெற்றுப் பதிந்திருந்தால், பிறந்த ஆண்டு நோட்டில் எத்தனை முறை புரட்டினாலும் வராது. பதிந்த ஆண்டில் இருக்கும். 1969 சட்டப்படி ஓராண்டுக்குமேல் தாமதமானால் குற்றவியல் நடுவரின் உத்தரவு வேண்டியிருந்தது. பின்னாளில் அந்த அதிகாரம் வருவாய் அதிகாரிகளுக்குப் போனது. வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ தேவைப்பட்டபோதுதான் பலரும் உத்தரவு வாங்கினார்கள். எனவே தாத்தா எப்போது வேலையில் சேர்ந்தார், எப்போது வெளிநாடு போனார் என்று கேட்டு அந்த ஆண்டு நோட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புரட்டும்போது குழந்தையின் பெயரைத் தேடாதீர்கள். பழைய நோட்டில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும், அல்லது "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பேர்வைக்கும் முன்பே பதிவு முடிந்துவிடும்; பேர்வைத்தபின் திரும்பப் போய்ச் சேர்த்தவர்கள் குறைவு. கண் ஓட வேண்டியது தந்தை பெயர் மேல். அது பொருந்தினால் தாய் பெயர், அதன்பின் தெரு அல்லது குக்கிராமம். ஒரே கிராமத்தில் ஒரே ஆண்டில் நான்கு முத்துசாமிகளுக்குக் குழந்தை பிறந்திருக்கும். அவர்களைப் பிரித்துக் காட்டுவது மனைவி பெயர் ஒன்றே.

மாநகராட்சிகளின் இணையத் தேடலும், தமிழ்நாடு அரசின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளமும் இன்று பெரிய உதவி. அண்மைக்காலப் பிறப்புகளுக்கு அவை போதும். பழைய நோட்டிலிருந்து தட்டச்சு செய்து ஏற்றிய விவரங்களைப் பயன்படுத்தும்போதுதான் கவனம் வேண்டும். பிறந்த தேதியும் பாலினமும் கொடுத்துத் தேடும் வகை என்றால், நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டும் பாருங்கள். பாலினத்தை மாற்றிப் பாருங்கள். முன்பின் சில நாட்கள் நகர்த்திப் பாருங்கள். பெயர் கொடுக்கும் வகை என்றால், கந்தசாமி என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் முயல வேண்டும். முதல் மூன்று எழுத்துகளை மட்டும் கொடுப்பது அதைவிட நல்ல வழி. கணினி "பதிவு இல்லை" என்று சொல்வதும் நோட்டில் பதிவு இல்லை என்பதும் ஒன்றல்ல. கணினி அட்டவணை நோட்டைப் பார்த்து இன்னொருவர் எழுதியது. எனவே அட்டவணையில் கிடைத்தாலும், பதிவின் முழு நகலை வாங்கிப் பார்க்காமல் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள்.

ஒரு பதிவைப் படிப்பது

முடிந்தால் நோட்டின் அந்தப் பக்கத்தை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். சுருக்கச் சான்றில் வராத பலவும் பக்கத்தில் இருக்கும். பழைய எழுத்தர்கள் மேல்வரிசையில் உள்ளதே கீழேயும் என்றால் மறுபடி எழுதாமல் ௸ என்று போட்டுவிடுவார்கள். மேற்படி என்பதன் குறி அது. உங்கள் வரிசையை மட்டும் நகலெடுத்தால் ஊரும் சாதியும் ௸ என்றே நிற்கும். ஊர்ப்பெயர் பத்து வரிசைக்கு மேலே எங்கோ இருக்கும். தேதிகளில் ௳ நாளையும் ௴ மாதத்தையும் ௵ ஆண்டையும் குறிக்கும். தமிழ் எண்களும் வரலாம். ௧ முதல் ௯ வரை பழகிவிட்டுப் போங்கள். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கையெழுத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை வேறு வடிவில் இருக்கும். அந்தக் காலப் புத்தகம் ஒன்றை வைத்து ஒரு மாலை படித்தாலே கண் பழகிவிடும்.

தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தைப் பலர் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதுதான் ஒரு பதிவின் மிக உயிருள்ள இடம். தாய்வீட்டுப் பிரசவம் என்றால் அங்கே குழந்தையின் தாத்தா அல்லது தாய்மாமன் பெயர் இருக்கும். அம்மாவைப் பெற்றவர் பெயர் வேறு எங்குமே கிடைக்காத குடும்பங்களில், இந்த ஒற்றைக் கட்டம் ஒரு தலைமுறையையே திறந்துவிடும். கையெழுத்தா, பெருவிரல் ரேகையா என்றும் பாருங்கள்.

ஓரக்குறிப்புகளையும் விடாதீர்கள். 1969 சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, பதிவில் பிழை இருந்தால் பழைய எழுத்தை அழிக்கக் கூடாது. திருத்தத்தை ஓரத்தில் எழுதி, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். ஓரத்தில் பெயர் சேர்த்த தேதி பிறந்து பல ஆண்டு கழித்து என்றிருந்தால், அந்த ஆண்டில் அவருக்கு அந்தச் சான்று ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி பிறக்கிறது. நல்ல குடும்ப வரலாறு இப்படிப்பட்ட கேள்விகளால்தான் நீளும்.

இனி, உடன்பிறந்தோர் எல்லாரையும் ஏன் எழுதிக்கொள்ளச் சொன்னேன் என்பது. ஒரே பெற்றோருக்கு 1938இல் பெயரில்லாத ஆண் குழந்தை ஒன்றும் 1940இல் பெயரில்லாத ஆண் குழந்தை ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் தாத்தா யார்? முதலில் கிடைத்ததைத் தாத்தா என்று குறித்துக்கொள்ளும் ஆசை வரும். அதே அலுவலகத்தின் இறப்பு நோட்டைக் கேளுங்கள். முதல் குழந்தை சில மாதத்தில் இறந்திருக்கலாம். இரண்டாவது குழந்தைக்கு முதல் குழந்தையின் பெயரையே, அதாவது பாட்டனார் பெயரையே வைத்திருக்கலாம். அந்தக் காலத்தில் இது பல வீடுகளில் நடந்தது. வீட்டில் யாரும் பேசாத அந்தக் குழந்தைக்கும் உங்கள் பட்டியலில் ஓர் இடம் கொடுங்கள். பெயர் இல்லாவிட்டால் பதிவு எண்ணை எழுதுங்கள்.

பதிவு இல்லை என்றால்

தேடிக் கிடைக்காதபோது அலுவலகம் தரும் "பதிவு இல்லை" என்ற சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அது அந்த அலுவலகம், அந்த ஆண்டுகள் என்ற எல்லைக்குள் மட்டும் உண்மை. அடுத்துப் பார்க்க வேண்டிய இடத்தை அது உங்களுக்குச் சொல்கிறது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திருமுழுக்குப் பதிவேடு உண்டு. பல ஊர்களில் அரசுப் பதிவைவிடப் பழையது. ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்கள் உறவுமுறையைக் காட்டிக்கொடுக்கும். சென்னை மாகாணத்து ஆங்கிலேய, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் என்றால் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்திய அலுவலக ஆவணங்களில் சென்னைக்கென்றே தேவாலயப் பதிவு வரிசை இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. மற்றவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம், மறுபடியும் அதே சார்பதிவாளர் அலுவலகம்தான்: பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் "மைனர், வயது 7, கார்டியன் தகப்பனார்" என்று பிள்ளைகளின் வயது எழுதியிருக்கும். பத்திரத்தின் தேதியிலிருந்து வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு ஒன்றிரண்டு ஆண்டுப் பிழைக்குள் வந்துவிடும். பெண் குழந்தைகளின் பெயர் அதில் விடுபட்டிருப்பதுதான் குறை.

சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், நிகழ்ச்சிக்கு மிக நெருக்கமான நாளில், அருகில் இருந்தவர் சொல்லி எழுதப்பட்டதற்கு முதலிடம் கொடுங்கள். மூன்று வாரத்தில் தாய்மாமன் சொல்லி எழுதிய பதிவு, முப்பது ஆண்டு கழித்து உத்தரவின்பேரில் எழுதிய பதிவைவிட வலுவானது. தள்ளிவைத்த சான்றையும் குறிப்பில் விட்டுவிடாதீர்கள்.

இலங்கையோடு தொடர்புள்ள குடும்பங்கள்

நீலகிரியிலும் பிற மாவட்டங்களிலும் வாழும், இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பிறப்புப் பதிவு கடலுக்கு அப்பால் இருக்கிறது. இலங்கையில் 1867 முதல் குடிசார் பதிவுச் சட்டம் உண்டு. அங்கே கிராமங்களும் தோட்டங்களும் பதிவாளர் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நகல்களைப் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கேட்க வேண்டும். கொழும்பு மாளிகாவத்தையிலும் மத்திய ஆவணக் காப்பறை இருக்கிறது. தோட்டப் பிறப்புகளைத் தேடும்போது தோட்டத்தின் இரண்டு பெயரும் வேண்டும். தொழிலாளர் புழங்கிய தமிழ்ப் பெயரும் துரைமார் எழுதிய ஆங்கிலப் பெயரும் பல தோட்டங்களில் சம்பந்தமே இல்லாதவை. வீட்டில் சொல்லப்படுவது தமிழ்ப் பெயர். பதிவில் இருப்பது ஆங்கிலப் பெயர். இலங்கைத் தோட்டங்களைப் பட்டியலிட்ட பழைய ஃபெர்குசன் டைரக்டரிகளில் இரண்டையும் இணைக்கும் பட்டியல் கிடைக்கும்.

இலங்கையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில், நம்மூர்ச் சான்றில் இல்லாத ஒன்று உண்டு. பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்கென்று தனிக் கட்டம். பூட்டனுக்கும், அதாவது கொள்ளுத்தாத்தாவுக்கும், ஒரு கட்டம். குடும்ப வரலாறு எழுதுகிறவருக்கு ஒரே தாளில் மூன்று நான்கு தலைமுறை கிடைக்கும் வாய்ப்பு அது. ஆனால் அந்தக் கேள்வி தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழர் வாழ்க்கையில் எவ்வளவு கொடுமையாக வந்து விழுந்தது என்பதையும் தெரிந்துகொண்டே அந்தத் தாளைப் படிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கச் சொன்னது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பிறந்து பதியப்படாமல் போனவர்களின் பிள்ளைகள் எதைக் காட்டுவார்கள்? பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் இந்திய, இலங்கை அரசுகளுக்கிடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அதனால் ஒரு தாயின் பிள்ளைகளில் சிலருடைய பிள்ளைகளின் பதிவைத் தொடர்ந்து நுவரெலியாவிலும், மற்றவர்களுடைய பிள்ளைகளின் பதிவைக் கோத்தகிரியிலோ கூடலூரிலோ தேட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட குடும்பத்தில் வேலையைப் பின்னிருந்து தொடங்குங்கள். தாயகம் திரும்பியபோது தந்த குடும்ப அட்டையையும் இந்தியக் கடவுச்சீட்டையும் முதலில் எடுங்கள். குடும்பத்தார் பெயரும் வயதும் அவற்றில் சேர்ந்து இருக்கும், பூர்விக ஊர்க் குறிப்பும் இருக்கக்கூடும். அந்த வயதுகளைக் கொண்டு இலங்கைப் பதிவுகளுக்கு ஆண்டு எல்லை போடுங்கள். இலங்கைப் பத்திரத்தில் பாட்டன் கட்டம் காலியாக இருந்தால், அவர் இந்தியாவில் பிறந்து, இலங்கைக்குப் போகும் தொழிலாளரைத் தங்கவைத்த மண்டபம் முகாம் வழியாகவோ அதற்கு முன்போ கடல் தாண்டியவராக இருக்கலாம். அப்போது தேடல் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று இக்கரைக்குத் திரும்பும். அக்கரையில் உள்ள உறவினரிடமும் உடன்பிறந்தோர் அனைவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திர நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பிள்ளையின் பத்திரத்தில் வெறுமையாக விட்ட கட்டத்தை இன்னொரு பிள்ளைக்கு, வேறு பதிவாளர், நிரப்பியிருக்கலாம்.